எல்.டி.எல். நார்மல்தான், பிறகு ஏன் இந்த வயதில் அட்டாக்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இளவயது மாரடைப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை நாற்பது வயதைக்கூடத் தொடாதவர்களுடையவை, அதுவும் ரிப்போர்ட்டின் நகலோடு. பெயர்களை எடுத்துவிட்டுச் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்.டி.எல். என்பது 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படுவது, எச்.டி.எல். 'நல்ல கொலஸ்ட்ரால்', டிரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. எண்கள் எல்லாம் லேப் ரிப்போர்ட்டில் இருப்பதுபோல டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

கேள்வி: எனக்கு 34 வயது, பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு 46 வயதில் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். போன மாதம் எனக்கு எடுத்த டெஸ்டில் மொத்த கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 230, எல்.டி.எல். 110. "எல்.டி.எல். பரவாயில்லை, எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்பவர் 'ஏப்போ-பி' என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதை எடு என்கிறார். நிஜமாகவே தேவையா, இல்லை லேப்காரர்களுக்குக் காசா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தேவைதான் தம்பி. ஆனால் அதற்கு முன்னால், பைசா செலவில்லாமல் உங்கள் கையில் இருக்கும் அதே காகிதத்தில் இருந்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

எல்.டி.எல். வரிக்குப் பக்கத்தில் 'கால்குலேட்டட்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் அதை யாரும் அளக்கவில்லை, கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் இருப்பது எல்.டி.எல். உங்கள் 190-ல் 34 போனால் 156, அதில் 46 போனால் 110. சரியாக வருகிறதா? 1972-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்வால்டும் அவருடன் வேலை செய்தவர்களும் போட்டுக்கொடுத்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் செல்லவே செல்லாது, அதற்குக் கீழேயும் ஏற ஏறத் தடுமாறும்.

நடுவில் வந்த அந்த 156-ஐ விட்டுவிடாதீர்கள். அதற்குப் பெயர் நான்-எச்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து கெடுதல் செய்யக்கூடிய எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ராலைச் சேர்த்த எண் அதுதான். எல்.டி.எல்.லுக்கு வைக்கும் எல்லையோடு 30 கூட்டினால் இதற்கான எல்லை. அங்கே 100 என்றால் இங்கே 130. உங்களுக்கு 156. 'பரவாயில்லை' என்று அனுப்பி வைக்கிற எண் இல்லை இது, அதுவும் அப்பாவுக்கு 46-ல் வந்திருக்கும்போது. தகப்பன், அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள்ளோ, தாய், அக்கா, தங்கைக்கு 65 வயதுக்குள்ளோ இதய நோய் வந்திருந்தால் அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கணக்கே வேறு.

இப்போது ஏப்போ-பிக்கு வருவோம். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது, ரத்தத்தில் தானாக ஓடவும் முடியாது. கல்லீரல் அதைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்த உருண்டைகளைத்தான் துகள் என்கிறோம். லேபில் எல்.டி.எல். என்று எழுதித் தருவது அந்த உருண்டைகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடையை, உருண்டைகளின் எண்ணிக்கையை அல்ல. நூறு கிலோ அரிசியை 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் நாலு சிப்பம், 5 கிலோ பையாகக் கட்டினால் இருபது பை. தராசில் இரண்டும் நூறு கிலோதான். குழாய்ச் சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது துகள், அதனால் எத்தனை துகள் என்பதுதான் முக்கியம். சுவருக்குள் கெடுதல் செய்யும் ஒவ்வொரு துகளின் மேலும் ஏப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும், கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே ஏப்போ-பியை அளந்தால் துகளை எண்ணின மாதிரி.

எல்லோருக்கும் இந்த டெஸ்ட் வேண்டுமா என்றால் வேண்டாம். பலருக்கு இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல் ஏமாற்றுவது உங்களைப் போன்றவர்களிடம்தான்: டிரைகிளிசரைடு கூட, எச்.டி.எல். குறைவு, வயிற்றுப் பக்கம் சதை, எல்.டி.எல். பார்க்க நல்லபிள்ளையாக. டிரைகிளிசரைடு நிறைய ஓடும்போது எல்.டி.எல். துகள் தன் கொலஸ்ட்ராலைக் கொடுத்து டிரைகிளிசரைடை வாங்கிக்கொள்ளும், பிறகு அதுவும் கரைக்கப்பட்டுத் துகள் சுருங்கிவிடும். ஒவ்வொன்றிலும் சரக்கு குறைவு, எண்ணிக்கை அதிகம். நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் ரகம் இதுதான். கேரளத்தில் பிறந்து கனடாவில் இருக்கும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புக்குக் காரணங்களாக முதல் இரண்டு இடங்களில் வந்தவை ஏப்போ-பிக்கும், எச்.டி.எல். துகளில் இருக்கும் ஏப்போ-ஏ1 என்ற புரதத்துக்கும் உள்ள விகிதமும் புகைப்பழக்கமும்தான். அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் வந்த வயது சராசரியாக 53, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59.

டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி நடுத்தர ஆபத்துக்காரர்களுக்கு 100-க்குள், அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். கூடவே மூன்று மாத சுகர் சராசரியும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இடுப்பை ஒரு டேப்பால் அளந்துகொள்ளுங்கள், நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. யாராவது ஆப்பில் உங்கள் வயதைப் போட்டு 'பத்து வருட ஆபத்து 1 சதவீதம்தான்' என்று காட்டினால் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தக் கணக்குகளில் வயதுக்குத்தான் பெரிய பங்கு, 34 வயதுக்காரருக்கு என்ன போட்டாலும் குறைவாகத்தான் காட்டும். உங்கள் கேள்வி 44 வயதில் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லையே.

கேள்வி: இரண்டு வருடமாகப் பேலியோ டயட், மாவுச்சத்து குறைவு, கொழுப்பு அதிகம். எடை நன்றாகக் குறைந்தது, டிரைகிளிசரைடு 210-ல் இருந்து 70-க்கு வந்துவிட்டது, எச்.டி.எல். 58. எல்.டி.எல். மட்டும் 120-ல் இருந்து 215 ஆகிவிட்டது. கூட டயட் இருப்பவர்கள், "உனக்கு இருப்பது பெரிய துகள், அது ஒன்றும் செய்யாது, சின்ன அடர்த்தியான துகள்தான் கெட்டது" என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, சென்னை)

பதில்: நம்பாதீர்கள். முழுப் பொய் என்றால் சுலபமாகத் தள்ளிவிடலாம், இது பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு நாள் ஓடுகிறது.

உண்மையான பாதி இது: 1988-ல் மெலிசா ஆஸ்டின், ரொனால்ட் கிராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சின்ன அடர்த்தியான எல்.டி.எல். உள்ளவர்களுக்கு மாரடைப்பு மூன்று மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பெரிய துகள் உள்ளவர்களை 'ஏ' வகை, சின்னத் துகள் உள்ளவர்களை 'பி' வகை என்று பிரித்தது அதிலிருந்துதான் பிரபலமானது. ஆனால் அந்த 'பி' வகைக்காரர்களுக்கு டிரைகிளிசரைடும் கூட, துகள்களின் எண்ணிக்கையும் கூட. பிற்பாடு வந்த ஆய்வுகளில் துகள் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, அளவுக்கென்று தனியாகச் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் மிஞ்சவில்லை. பெரியதும் உள்ளே போகிறது, சின்னதும் உள்ளே போகிறது. 70 நானோமீட்டருக்கும் குறைவான எந்த ஏப்போ-பி துகளும் குழாய்ச் சுவருக்குள் நுழைய முடியும். எல்.டி.எல். பெரியதோ சின்னதோ 30-ஐக்கூடத் தாண்டாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ள குடும்பங்களைப் பாருங்கள், அவர்களைப் பற்றிக் கீழே ஒரு கேள்வி வருகிறது. அவர்களுடைய துகள்கள் பெரும்பாலும் பெரிய ரகம்தான். முப்பத்தைந்து, நாற்பதிலேயே அட்டாக்கோடு வருகிறார்கள். 'பெரியது பாவம், ஒன்றும் செய்யாது' என்ற வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

எடை குறைந்ததும் டிரைகிளிசரைடு இறங்கியதும் நிஜமான லாபம், அதை யாரும் மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டே இந்த 215-ஐ இறக்க முடியும். காலையில் காபியில் வெண்ணெய் போடுவது, முட்டையை நெய்யில் மிதக்க விடுவது, கொழுப்போடு மட்டன் என்று இருப்பதைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மீன், பாதாம், வேர்க்கடலை, கடலெண்ணெய், நிறையக் காய், கொஞ்சம் பயறு, சுண்டல் என்று மாற்றுங்கள். மாவுச்சத்தை அடியோடு ஒதுக்கிய ஒல்லியான ஆட்களுக்கு எல்.டி.எல். இப்படி எகிறுவதும், கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தாலே நன்றாக இறங்குவதும் தெரிந்த விஷயம். இரண்டு மாதம் கழித்து எல்.டி.எல்.லும் ஏப்போ-பியும் எடுங்கள். அப்போதும் 190-க்கு மேலேயே நின்றால் டயட்டோடு இதை முடிக்க முடியாது, மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியதுதான்.

கேள்வி: எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் 84! எல்.டி.எல். 160 இருந்தாலும் அது காப்பாற்றிவிடும்தானே? (வாசகி, திருச்சி)

பதில்: காப்பாற்றாது. எச்.டி.எல். குறைவாக இருந்தால் அது ஓர் எச்சரிக்கை, கூடுதலாக இருந்தால் அது கவசம் இல்லை. டார்செட்ராபிப் என்று ஒரு மருந்து எச்.டி.எல்.லை எழுபது சதவீதத்துக்கும் மேல் ஏற்றிக் காட்டியது. பதினைந்தாயிரம் பேரிடம் சோதித்தபோது மருந்து சாப்பிட்டவர்களில்தான் இறப்பு அதிகம், 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள். எச்.டி.எல்.லை ஏற்றும் இன்னொரு மருந்தான நயாசினும் பின்னால் அதே மாதிரி கைவிட்டது. உங்கள் 160-ஐ 160 ஆகவே பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் 38 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான். சுகர், பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது. எனக்கு 31 வயது, ஒரு பெண் குழந்தை. பயந்துபோய் எல்லா டெஸ்டும் எடுத்தேன். எல்.டி.எல். 118, மற்றதெல்லாம் சரி, 'லிப்போபுரோட்டீன் ஏ' மட்டும் 96 என்று சிவப்பில் வந்திருக்கிறது. சாப்பாட்டில் என்ன மாற்றினால் குறையும்? குழந்தைக்கும் இருக்குமா? (வாசகி, சேலம்)

பதில்: அம்மா, அண்ணனுக்கு இதனால்தான் ஆனது என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அவருக்கு யாரும் இதை அளந்து பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எடுத்தது சரியான டெஸ்ட்.

டாக்டர்கள் தங்களுக்குள் 'எல்பி லிட்டில் ஏ' என்பார்கள். 1963-ல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டுபிடித்தது. சாதாரண எல்.டி.எல். துகளின் மேல் இன்னொரு புரதம் வால் போலக் கோத்துக்கொண்டிருக்கும். எல்.டி.எல். செய்யும் கெடுதல் எல்லாம் இதுவும் செய்யும், அதற்கு மேல் அழற்சியைத் தூண்டும் சில கொழுப்புகளையும் சுமந்துகொண்டு போகும். இதய வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகுவதற்கும் இது ஒரு காரணம். 50-க்கு மேல் போனால் அதிகம். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது அதிகம் என்கிறது, எல்லோரும் ஆயுளில் ஒரு முறையாவது எடுத்துப் பார்க்கவும் சொல்கிறது. ஒரு முறை போதும். பெரும்பாலும் மரபணு வைத்த கோடு அது, சின்ன வயதிலேயே நிலைத்துவிடும், பிறகு பெரிதாக அசையாது.

அசையாது என்பதால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. சாப்பாட்டால் குறையாது. பூண்டு, வெந்தயம், கொள்ளு, வாக்கிங், எதற்கும் மசியாது. எல்.டி.எல்.லைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைக்காது, சில பேருக்கு லேசாக ஏற்றக்கூடச் செய்யும். எல்.டி.எல்.லுக்காகப் போடும் பி.சி.எஸ்.கே.9 ஊசிகள் இதையும் கால் பங்கு வரை குறைக்கும், விலை அதிகம். இதற்கென்றே பெலகார்சன், ஓல்பாசிரான் என்று ஊசிகள் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அளவை 80 சதவீதம், அதற்கு மேலும்கூட இறக்குகின்றன, ஆனால் எண் இறங்கினால் போதாது, அட்டாக் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

அதுவரை என்ன செய்வது? இதைக் குறைக்க முடியாவிட்டால் இதோடு கூட்டுச் சேர்வதை எல்லாம் குறைக்க வேண்டும். மற்றவர்களுக்கு எல்.டி.எல். 118 என்றால் நானும் சும்மா இருக்கச் சொல்லலாம். உங்களுக்கு, அண்ணனின் கதையையும் சேர்த்துப் பார்த்தால், 70-க்குள் கொண்டுவரலாமா என்று இதய மருத்துவரிடம் பேசுவது நியாயம். அடுத்த குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்னால் ஸ்டாட்டினை நிறுத்திவிடுவார்கள். பிரஷரையும் சுகரையும் வருடம் ஒரு தடவை பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

மகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழந்தைக்கு இன்றைக்கே ஊசி குத்தி எடுக்க வேண்டிய அவசரம் இல்லை, பள்ளி வயதில் வேறு எதற்காவது ரத்தம் எடுக்கும்போது சேர்த்து எடுத்தால் போதும். உடனடியாக எடுக்க வேண்டியவர்கள் உங்கள் மற்ற உடன்பிறப்புகள், அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: சில லேபில் மில்லிகிராம் கணக்கிலும் சில லேபில் நானோமோல் கணக்கிலும் தருவார்கள். அங்கே 50 என்றால் இங்கே ஏறக்குறைய 125. அலகைப் பார்க்காமல் தம்பிக்கு உன்னைவிட இரண்டு மடங்கு என்று வீட்டில் அழுகையைக் கிளப்பாதீர்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய்தான். இப்போது மரச்செக்கில் ஆட்டி வாங்குகிறோம், பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்றும் போட்டிருக்கிறது. பிறகு எப்படி வீட்டுக்காரருக்கு எல்.டி.எல். ஏறும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கொலஸ்ட்ரால் விலங்குகளிடம் இருந்து வருவது. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கிடையாது, கடலெண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் பாமாயில் எல்லாமே 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'தான். அந்த எழுத்துக்கு மதிப்பே இல்லை, விற்பனைக்காகப் போட்டது. எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது உள்ளே போனால் கல்லீரல் ரத்தத்தில் இருந்து எல்.டி.எல்.லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையில் மந்தமாகிவிடும். தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, பாமாயிலில் ஏறக்குறைய பாதி. பல சோதனைகளைச் சேர்த்து 2020-ல் வெளியான ஓர் அலசலில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைப் பத்துப் புள்ளி ஏற்றியது. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் இந்தக் கொழுப்பு மாறாது. வாசனை மாறும், விலை மாறும்.

அவியலுக்கு மேலே ஊற்றும் ஒரு ஸ்பூனை யாரும் பிடுங்கவில்லை. தாளிப்பதும் பொரிப்பதும் வறுப்பதும் எல்லாம் அதிலேயே என்றால்தான் பிரச்சினை. அன்றாடத்துக்குக் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடும் கூட என்று இணைப்பில் பார்த்தேன், அதற்கு எண்ணெயைத் திட்டிப் பயன் இல்லை. மூன்று வேளையும் அரிசி, நடுவில் சர்க்கரை போட்ட டீ நாலு தடவை, ராத்திரி பரோட்டா, வாரக் கடைசியில் மது, இதில் எது அவருக்குப் பொருந்தும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எனக்கு 36 வயது, எல்.டி.எல். 262. குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்திருக்கிறது. இது பரம்பரை, பையனுக்கும் டெஸ்ட் எடுங்கள் என்கிறார் டாக்டர். அவனுக்கு 9 வயதுதான், ஒல்லியாக இருக்கிறான். இந்த வயதில் கொலஸ்ட்ராலா? நானும் மனைவியும் சொந்தம், அத்தை மகள். (வாசகர், விருதுநகர்)

பதில்: டாக்டர் சொன்னதை இந்த வாரமே செய்யுங்கள். ஒல்லி, குண்டு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த கோல்ட்ஸ்டைன், பிரவுன் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும், அதில் ஒரு பிரதி கெட்டிருந்தால் பிறந்த நாளில் இருந்தே எல்.டி.எல். அதிகம். இது அபூர்வ வியாதி இல்லை, ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாது. குதிகாலுக்கு மேலே நீங்கள் நரம்பு என்று சொல்வது தசைநாண். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தால் சாதாரணமாக வழுவழுவென்று இருக்கும், கொலஸ்ட்ரால் படிந்தால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், வயதானவர்களுக்குச் சகஜம், 45-க்கு முன்னால் வந்தால் அதுவும் இதே சாடை.

பையனுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒன்பது வயது இதற்குச் சின்ன வயது இல்லை, எட்டு முதல் பத்து வயதுக்குள் மாத்திரை ஆரம்பிப்பதுதான் இந்த வியாதிக்கு இன்றைய நடைமுறை. பயமாக இருக்கும், தெரியும். நெதர்லாந்தில் இந்த வியாதியுள்ள 214 குழந்தைகளுக்கு ஸ்டாட்டின் கொடுக்க ஆரம்பித்து இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள், 2019-ல் முடிவு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு 39 வயது ஆகும்போது மாரடைப்பு போன்றவை வந்தது 1 சதவீதம் பேருக்கு. அதே வியாதியோடு மாத்திரை கிடைக்காத காலத்தில் வளர்ந்த அவர்களுடைய பெற்றோருக்கு அதே வயதில் 26 சதவீதம். இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்?

சொந்தத்தில் கல்யாணம் என்று எழுதியிருப்பதால் மனைவிக்கும் கட்டாயம் எடுங்கள். இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போக நாலில் ஒரு வாய்ப்பு, அப்போது எல்.டி.எல். 500-க்கு மேல் போய்ப் பள்ளிக்கூட வயதிலேயே இதயத்தைத் தொட்டுவிடும். உங்கள் மனைவி ரிப்போர்ட் சாதாரணமாக வந்தால் அந்தக் கவலை போய்விடும். அத்தை, சித்தப்பா, பெரியப்பா வீடுகளுக்கும் ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: ஸ்டாட்டின் ஆரம்பித்த இரண்டாவது வாரமே உடம்பெல்லாம் வலி. நெட்டில் தேடினால் சுகர் வரும், மறதி வரும் என்கிறார்கள். நிறுத்திவிட்டேன். வயது 41, எல்.டி.எல். 172, அம்மாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. (வாசகர், கோவை)

பதில்: வலி பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்டவர்கள் 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 பாட்டில். நாலில் ஸ்டாட்டின், நாலில் வெறும் மாவு மாத்திரை, நாலு காலி. மாதம் ஒரு பாட்டில், எந்த மாத்திரை எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2020-ல் வெளியான முடிவின்படி ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரையிலும் வந்தது. காலி பாட்டில் மாதங்களில்தான் நன்றாக இருந்தார்கள். வலி நிஜம், ஆனால் பெரும்பாலும் மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நினைப்பில் இருந்து வந்த வலி. விஷயம் தெரிந்த பிறகு பாதிப் பேர் திரும்பச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிஜமாகவே தசையைப் பாதிப்பதும் உண்டு, குறைவு. சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், உடம்பும் வலிக்கும், ஸ்டாட்டின் போட்டால் வலி இன்னும் கூடும், மாத்திரையின் மேல் பழி விழும். சுகர் விஷயம் உண்மைதான், ஏற்கனவே விளிம்பில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிடும், தடுக்கும் அட்டாக்கோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை. மறதிக்கு நல்ல ஆதாரம் இல்லை. டாக்டரிடம் போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், எல்.டி.எல்.லைக் குறைக்கும் வேறு மருந்தான எசெட்டிமைப் சேர்க்கலாம், அதே வேலைக்குப் பெம்பிடோயிக் அமிலமும் இங்கே கிடைக்கிறது.

சும்மா விட்டுவிடுவதுதான் மோசம், ஏனென்றால் இந்த வியாதி அளவை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை வருடம் என்றும் பார்க்கிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயத்தை அறுத்துப் பார்த்ததில், சராசரி வயது 22, முக்கால்வாசிப் பேருக்கு இதயக் குழாயில் அப்போதே கொழுப்புப் படிவு ஆரம்பித்திருந்தது. மறுபக்கம், பி.சி.எஸ்.கே.9 மரபணுவில் ஒரு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு இதயக் குழாய் நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் தெரிந்தது. மாத்திரையால் அதே அளவு குறைத்தால் ஐந்து வருடத்தில் கிடைப்பது இதில் ஒரு பங்குதான். பிறந்ததில் இருந்து குறைவு என்பதற்கு அப்படி ஒரு பலன்.

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். அப்படியானால் அடைப்பு இல்லை என்றுதானே அர்த்தம்? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. டிரெட்மில் பிடிப்பது ரத்த ஓட்டத்தையே குறைக்கும் அளவு பெரிய அடைப்பை. இளவயதில் திடீரென்று வரும் அட்டாக்கில் பல, பாதி அடைப்புக்கூட இல்லாத ஒரு படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைவதால் வருபவை. முந்தின நாள் டிரெட்மில்லில் நன்றாக ஓடியிருப்பார். குடும்பத்தில் சின்ன வயதில் வந்திருந்து, மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று தடுமாறினால் சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர், அதாவது இதயக் குழாயில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்ற கணக்கு, பார்க்கலாம். 42 வயதில் சுண்ணாம்பு தெரிந்தாலே அது அதிகம். ஆனால் பூஜ்யம் வந்தால் கொண்டாட வேண்டாம், நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் படிவு இன்னும் மென்மையாக இருக்கும், சுண்ணாம்பு பிடிக்கவே நாளாகும்.

கேள்வி: நைட் ஷிப்ட் வேலை, 12 மணி நேரம் பட்டினி கிடந்து ரத்தம் கொடுக்க முடியவில்லை, அதனாலேயே டெஸ்ட் தள்ளிப்போகிறது. (வாசகர், ஒசூர்)

பதில்: தள்ளிப்போடாமல் சாப்பிட்டுவிட்டே கொடுங்கள். மொத்த கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., நான்-எச்.டி.எல்., ஏப்போ-பி, எல்பி லிட்டில் ஏ எதற்கும் பட்டினி தேவையில்லை. டிரைகிளிசரைடு மட்டும் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஏறித் தெரியும், 400-க்கு மேல் வந்தால் அப்போது லீவு நாளில் ஒரு முறை வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ளலாம். லேபில் ரத்தம் எடுப்பவரிடம் சாப்பிட்டதைச் சொல்லி ரிப்போர்ட்டில் குறித்துவிடச் சொல்லுங்கள்.